முகத்தின் சாட்சியம்: ஜோன் ஆஃப் ஆர்க் மௌனப்படமும் கயத்தாற்று விசாரணையும்

சினிமாக் கலையின் இளம்பருவத்தில் தோன்றிய படங்களுள் பெரும்பாலானவை இன்று சரித்திர ஆசிரியரின் அக்கறைக்கு மட்டுமே உரியனவாகிவிட்டன. அவற்றின் கதைப்போக்கு பழையதாகிவிட்டது. நடிப்பு மிகையாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் ஜனங்களைத் திகைக்கச் செய்த தந்திரக் காட்சிகள் இன்று சிறு குழந்தைகளையும் வியக்கவைப்பதில்லை. ஆயினும், 1928ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஸ்தாபனம் ஒன்றுக்காக டென்மார்க் தேசத்து டைரக்டர் ஒருவர் உருவாக்கிய ஒரு மௌனப்படம், ஒரு பெண்ணின் முகத்தையும் அவளை விசாரிக்கும் ஆடவர்களின் முகங்களையுமே பெரும்பகுதியும் காட்டிச் செல்வதாயினும், முதன்முதலாகத் திரையிடப்பட்ட நாளில் எவ்வாறு பார்த்தவர் நெஞ்சைக் கலக்கிற்றோ அவ்வாறே இன்றும் கலக்குகின்றது. கார்ல் தியோடர் டிரையர் இயக்கிய ‘லா பாஸ்யோன் தெ ழான் தார்க்’, அதாவது ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள், என்ற படமே அது.

அப்படத்தின் செல்வாக்கு இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் யாது என்று ஆராய்வதும், அவ்வாராய்ச்சியினால் தமிழ்ச் சினிமாவைப் பற்றி, விசேஷமாக எட்டயபுரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்களைப் பற்றி, நாம் அறிந்துகொள்ளக்கூடியது யாது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு விசாரணையைத் திரையில் காட்டும்போது வழக்கின் உண்மை பேசப்படும் சொற்களில் மட்டும் இருப்பதன்று, கேட்பவர் முகத்திலும் கேட்கப்படுபவர் முகத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை நிலைநாட்டியதே அப்படத்தின் சாதனை என்பதும், அந்தப் பாடத்தை இன்னும் முழுமையாகப் பயிலாத கலைகளுள் நம் தமிழ்ச் சினிமாவும் ஒன்று என்பதும் என் துணிபு.

நீதிமன்றச் சுவடியும் நிழற்படமும்

1431ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, பிரான்சு தேசத்து ரூவான் நகரின் சந்தை வெளியில், பத்தொன்பது வயதுடைய ஒரு கிராமத்துப் பெண் மத விரோதி என்று தீர்ப்பளிக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டாள். ஆங்கிலேயப் படைகளை எதிர்த்துத் தன் நாட்டவரை நடத்திச் சென்றவள் அவள். அவளை விசாரித்த குருமார்களின் சபைக்கு ஆயர் பியேர் கோஷோன் தலைமை வகித்தார். 1456இல் அத்தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920இல் கத்தோலிக்கத் திருச்சபை அவளைப் புனிதை என்று பிரகடனம் செய்தது. அவள் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவள் அளித்த பதில்களையும் எழுத்தர்கள் அன்றே பதிவு செய்து வைத்திருந்தமையால், எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்ணின் வாக்கு ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து நமக்குக் கிட்டியிருக்கிறது.

டிரையர், போர்க்களங்களையும் அரண்மனைகளையும் முடிசூட்டு விழாவையும் அடியோடு ஒதுக்கிவிட்டு, இந்தச் சுவடியையே தமது ஆதாரமாகக் கொண்டார். அதனைப் பதிப்பித்திருந்த பியேர் ஷாம்பியோன் என்ற அறிஞர் படத்திற்கு ஆலோசகராகவும் இருந்தார். மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாளில் நிகழ்வதாகச் சுருக்கி, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரு மனித முகத்தில் தோன்றி மறையும் மாறுதல்களைக் காட்டுவதே தம் கடமை என்று அவர் வரித்துக்கொண்டார்.

இந்த லட்சியத்தை நிறைவேற்ற அவர் கையாண்ட முறைகள் அக்காலத்துத் தொழில் வழக்கங்களுக்கு முற்றிலும் மாறானவை. அதுவரையில் பெருவழக்காயிருந்த பிலிம் சுருள் சிவப்பு நிறத்தைச் சரிவரப் பதிவு செய்யாது. ஆகையால் நடிகர்கள் முகத்தில் கனமாக ஒப்பனை பூசிக்கொள்வது அவசியமாயிருந்தது. எல்லா நிறங்களையும் உணரவல்ல புதுவகைச் சுருளை ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே பயன்படுத்தியதனால், ஒப்பனையை அறவே நீக்கிவிட டிரையரால் முடிந்தது. தோலின் சுருக்கம், மரு, வியர்வை, உலர்ந்து வெடித்த உதடு ஆகிய யாவும் திரையில் பிரத்தியட்சமாயின. நீதிபதிகளைக் கீழிருந்து மேல்நோக்கிக் காட்டுவதற்காகத் தரையில் குழி தோண்டிக் கேமராவை அதில் இறக்கினார்கள். பெருஞ்செலவில் ஹெர்மன் வார்ம், ழான் ஹ்யூகோ ஆகிய இருவரும் அமைத்த கோட்டை, திரையில் முழுமையாக ஒரு தடவைகூடக் காட்டப்படவில்லை. இளஞ்சிவப்பு வர்ணம் பூசப்பட்ட அதன் சுவர்கள் முகங்களுக்குப் பின்னணியாக நிற்கும் வெறும் வெண்மையாகவே தோன்றுகின்றன. பணம் போட்டவர்களுக்கு இது வருத்தமளித்ததில் வியப்பில்லை; ஆனால் அந்தக் கோட்டைக்குள் நடமாடிய நடிகர்களுக்கு அது மெய்யான சிறையாகவே இருந்தது என்பதும், அந்த மெய்ம்மை அவர்கள் முகங்களில் படிந்தது என்பதும் டிரையரின் கணக்கு.

ஜோனாக நடித்த ரெனே ஃபால்கொனெட்டி, பாரிஸ் நாடகமேடையில் ஹாஸ்ய வேடங்களில் தேர்ந்தவர். இதற்குப் பின் அவர் வேறு எந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. சம்பவங்கள் நிகழ்ந்த வரிசையிலேயே காட்சிகள் எடுக்கப்பட்டன. தலைமயிரைக் களையும் காட்சியில் அவருடைய தலைமயிர் மெய்யாகவே களையப்பட்டது. ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு துண்டுக் காட்சிகளைக் கொண்ட இப்படத்தில், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே இடத்தொடர்பு வேண்டுமென்றே அறுக்கப்பட்டிருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், யார் யாரைப் பார்க்கிறார் என்பது பலவேளைகளில் நமக்கு விளங்குவதில்லை. முகத்துக்கு மேல் முகமாக வந்து மோதும்போது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு உலகம் எப்படித் தோன்றுமோ அப்படியே நமக்கும் தோன்றுகிறது. தொழிலில் குளோஸ்-அப் என்று வழங்கும் அண்மைக்காட்சி அதற்கு முன்னரும் உண்டு. ஆனால் அது அலங்காரமாகவோ அழுத்தமாகவோ அவ்வப்போது பயன்பட்டதேயன்றி, ஒரு படத்தின் முழு இலக்கணமாக ஆனதில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரையர் ஜோனின் முகத்தை மட்டும் காட்டி நிறுத்தவில்லை. அவளை விசாரிப்பவர்களுள் ஒருவர் அவள் முன் மண்டியிடுகிறார். ஆந்தோனின் ஆர்த்தோ நடித்த இளந்துறவி மாஸியூ அவள்பால் இரங்குகிறார். அவளுக்கு நண்பன்போல் நடித்து, மன்னன் அனுப்பியதாகப் பொய்க்கடிதம் காட்டி வஞ்சிக்கும் லுவாஸலர் என்பவனும் இருக்கிறான். வஞ்சகனுக்கும் அப்படத்தில் ஒரு முழு முகம் உண்டு. அம்முகத்தில் தந்திரத்தோடு சஞ்சலமும் தெரிகிறது. குற்றம் சாட்டப்பட்டவளுக்கு நியாயம் வழங்கும் கேமரா, குற்றம் சாட்டுகிறவர்களையும் மனிதர்களாகவே பார்க்கிறது. அப்படத்தின் தர்மம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

தீயில் தப்பிய படம்

இத்தகைய படைப்பின் சரித்திரமும் அதன் நாயகியின் சரித்திரத்தை ஒத்திருந்தது. 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதல்முதல் காட்டப்பட்ட அப்படம், பாரிசில் வெளியாகும் முன் திருச்சபையின் ஆட்சேபத்தினாலும் தணிக்கையினாலும் வெட்டுண்டது. ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கொடியவர்களாகக் காட்டுகிறது என்பதற்காகப் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பெர்லினில் வைக்கப்பட்டிருந்த மூல நெகடிவ் தீக்கிரையாயிற்று. அக்காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும் வஸ்து; உலகெங்கும் எத்தனையோ படங்கள் அதனாலேயே அழிந்தன. டிரையர் மனம் தளராமல், எடுத்து ஒதுக்கி வைத்திருந்த மாற்றுத் துண்டுகளைக் கொண்டே இரண்டாவது பிரதி ஒன்றைத் தொகுத்தார்; அதுவும் மறு ஆண்டு தீயில் அழிந்ததாகவே கருதப்பட்டது. பின்னர் 1950களின் தொடக்கத்தில் அந்த இரண்டாவது வடிவத்தின் பிரதி ஒன்று கிடைத்து, பழைய ஐரோப்பிய சங்கீதம் சேர்க்கப்பட்டு வெளியிடப்பட்டபோது, டிரையருக்கு அது பிடிக்கவில்லை. தமது படத்தின் மூல வடிவம் அழிந்தொழிந்தது என்ற எண்ணத்துடனேயே அவர் 1968இல் காலமானார்.

1981இல், நார்வே தேசத்தில், ஆஸ்லோ நகருக்கு அண்மையிலுள்ள டிகெமார்க் மனநோய் மருத்துவமனையில், ஓர் அலமாரிக்குள் கிடந்த பிலிம் பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. அவை நார்வேப் படக்காப்பகத்தைச் சேர்ந்தவர்களால் பரிசோதிக்கப்பட்டபோது, தணிக்கைக்கு முந்திய மூல வடிவத்தின் பிரதியே அவற்றில் இருந்தது என்று தெரியவந்தது. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக உலகம் அரைகுறையான பிரதிகளையே கண்டு அப்படத்தைப் போற்றி வந்தது என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது.

அவ்வாறு குறைபட்ட பிரதிகளின் மூலமாகவே அதன் செல்வாக்குப் பரவியிருந்தது என்பது ஆச்சரியத்துக்குரியது. 1952இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற ஆங்கில சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் வாக்கெடுத்துத் தேர்ந்த பத்துச் சிறந்த படங்களுள் அது இடம்பெற்றது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2012இல் எடுத்த வாக்கெடுப்பிலும் ஒன்பதாவது இடத்தில் நின்றது. ஹங்கேரிய அறிஞர் பேலா பலாஸ் மனித முகத்தைச் சினிமாவின் தனிப்பெரும் நிலமாகக் கொண்டு எழுதிய சித்தாந்தத்துக்கு இப்படம் சிறந்த உதாரணமாயிற்று. 1962இல் ழான்-லுக் கோதார் எடுத்த ‘விவ்ர் சா வீ’ என்ற படத்தில், வாழ்க்கையில் நலிந்த ஓர் இளம்பெண் சினிமாக் கொட்டகையில் அமர்ந்து இந்த மௌனப்படத்தைப் பார்க்கிறாள். திரையில் ஜோன் அழ, இருட்டில் அவளும் அழுகிறாள். அதே ஆண்டில் ரொபேர் பிரெஸ்ஸோன் அதே நீதிமன்றச் சுவடியை வைத்து வேறொரு படம் எடுத்தார். டிரையரின் முகபாவங்களை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் எதிர்த்து நிற்பதற்கும் அவருக்கு டிரையரே அளவுகோலாக இருந்தார். 1994இல் அமெரிக்க இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் இப்படத்தால் தூண்டப்பெற்று ஒரு பெரும் சங்கீதப் படைப்பையே இயற்றினார். படம் ஓட ஓட வாத்தியக் குழுவினரும் பாடகர்களும் அதனை நேரில் இசைக்கும் வழக்கம் பல நாடுகளில் ஏற்பட்டிருக்கிறது.

பாடுகளின் படமும் பேச்சின் மேடையும்

பிரெஞ்சு மௌனப்படத்துக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு டிரையரின் படத்துக்கு மிக முற்பட்டது. 1905இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், துய்பாண் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அச்சுருள்களுள் இயேசுநாதரின் சரித்திரத்தைக் கூறும் படமும் ஒன்று. கூடாரம் அடித்து ஊர் ஊராக அவர் அதைக் காட்டிச் சென்ற பிரயாணமே தென்னாட்டில் டூரிங் சினிமாவின் ஆரம்பமாயிற்று. பின்னர் கோயம்புத்தூரில் அவர் நிறுவிய வெரைட்டி ஹால் நிலைத்த கொட்டகைகளுள் முன்னோடியாயிற்று. ஆகவே தமிழர் கண்ட முதல் கதைப்படங்களுள் ஒன்று பாடுகளின் படமாகவே அமைந்தது. அவ்வகைப் படங்களில் கேமரா, நாடகம் பார்ப்பவரைப்போல எட்டி நின்று, முழு உருவங்களையும் ஒரே சட்டத்துக்குள் கண்டது.

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கருக்கு இவ்வாறு எட்டி நின்று காண்பது புதியதன்று. பாஸ்கு என்று வழங்கும் பாடுகளின் நாடகத்தை அவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள்; கடலுக்கு அப்பால், மன்னார்ப் பகுதியின் பேசாலையில், பெரிய உருவப் பாவைகளைக் கொண்டு நிகழ்த்தும் உடக்குப் பாஸ் பிரசித்தமானது. திரளான கூட்டம் தூரத்திலிருந்து காணவும் பாடலையும் வசனத்தையும் கேட்டு உருகவும் அமைந்த கலை அது.

தமிழ் நாடகமேடையின் பெரும் ஆசானாகிய சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்ததும் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலேதான். அவர் வகுத்த பாலர் நாடக சபைகளின் பயிற்சியும், அவற்றில் வளர்ந்த பாட்டும் வசனமுமே, 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ச் சினிமா வாய்திறந்தபோது அதன் மூலதனமாயின. டிரையரின் படம் வெளியாகி மூன்றே ஆண்டுகளில் உலகமெங்கும் பேசும்படம் வந்துவிட்டது. முகத்தின் இலக்கணத்தை அவர் எட்டவைத்த உச்சியில் நின்று பயில எவருக்கும் அவகாசமில்லை. நமக்கோ, மௌனத்திலிருந்து பேச்சுக்கு மாறுவது ஓர் இழப்பாகவே தோன்றவில்லை. ஏனெனில் நம் மேடை என்றைக்கும் மௌனமாக இருந்ததில்லை.

இதனால் விளைந்த பலன் தமிழ்ப்படங்களின் விசாரணைக் காட்சிகளில் தெளிவாகத் தெரிகிறது. 1952இல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தன் வாக்கினாலேயே சமூகத்தைக் கூண்டில் ஏற்றுகிறான். 1959இல் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனத்தாலும் சிவாஜி கணேசனின் கம்பீரமான உச்சரிப்பாலும் ஒரு தலைமுறையின் நாவில் நிலைபெற்றது. கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. இவை மகத்தான சாதனைகள். பேச்சு ஒரு ஜனசமூகத்தைத் தட்டி எழுப்பிய காலத்தின் கலை அது. அதைக் குறைகூற எனக்கு மனம் வராது.

கயத்தாற்றில் பதிவான பார்வை

ஆயினும், கட்டபொம்மன் விசாரணையைப் பற்றி நம்மிடம் உள்ள மூல ஆதாரம் என்ன கூறுகிறது என்பதை நோக்குவோம். எட்டயபுரத்துக்குத் தென்மேற்கே, மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் பெருவழியிலுள்ள கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16ஆம் தேதி, கம்பெனிப் படைத்தலைவன் மேஜர் பானர்மன் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் முன்னிலையில் கட்டபொம்மனை விசாரித்துத் தூக்கிலிடச் செய்தான். மறுநாள் அவன் சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்தைக் கால்டுவெல் பாதிரியார் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் காணலாம். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமலும் செருக்கோடும் இருந்தான் என்றும், தன்னைப் பிடிப்பதில் முனைந்து நின்ற எட்டயபுரம் பாளையக்காரரையும் சிவகிரிப் பாளையக்காரரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு நோக்கினான் என்றும், தூக்குமரத்துக்கு உறுதியான நடையோடு சென்றபோது இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள்மீது வெறுப்பு நிறைந்த பார்வையை வீசிச் சென்றான் என்றும் அக்கடிதம் தெரிவிக்கிறது.

கொன்றவனே எழுதிவைத்த சாட்சியம் இது. அவன் அங்கே தனக்கு முக்கியமாகப் பட்டதாகக் குறித்திருப்பது முகத்தை, கண்ணை, ஒரு மனிதன் மற்றொரு மனிதனைப் பார்த்த பார்வையை. டிரையருக்கு ரூவான் நகரத்துச் சுவடியில் கிடைத்ததைக் காட்டிலும் கண்ணுக்கு நேரான ஆதாரம் நமக்குக் கயத்தாற்றில் கிடைத்திருக்கிறது. இரண்டிடத்திலும் தீர்ப்பு முன்னரே முடிவாகிவிட்டது; இரண்டிடத்திலும் அந்நிய ஆதிக்கத்தின் நிழலில் சொந்த நாட்டவரே கூடி அமர்ந்திருக்கிறார்கள்; இரண்டிடத்திலும் சாகப்போகிறவரின் பார்வைக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பார்வையை ஏற்ற எட்டயபுரத்தாரின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நம் படம் கேட்கவில்லை. அது எட்டப்பனை வி. கே. ராமசாமியின் நடிப்பில் ஒரு துரோக வேடமாக்கி, ஜனங்களின் ஏளனத்துக்கு ஒப்படைத்தது.

அதன் விளைவை எட்டயபுரத்தார் நன்கு அறிவர். கம்பெனிக்குத் துணைநின்றதும் கட்டபொம்மனைப் பிடிக்க முனைந்ததும் அப்பாளையத்தின் சரித்திரத்தில் மறைக்க முடியாத உண்மைகள். ஆனால் அவனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் என்பதும், சுற்றிலும் பல பாளையங்கள் அன்று கம்பெனிப் பக்கமே நின்றன என்பதும் அதே சரித்திரத்தின் பகுதிகளே. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு தலைமுறையாக வந்த அரசர்கள் அனைவரும் தாங்கிய எட்டப்பன் என்ற பட்டப்பெயர் துரோகத்தின் மறுபெயராக நாட்டு வழக்கில் நிலைத்துவிட்டது. உமறுப் புலவரை ஆதரித்த அரண்மனை இது. முத்துசாமி தீட்சிதர் தம் கடைசி நாட்களைக் கழித்து 1835இல் உயிர்நீத்த ஊர் இது. சிறுவன் சுப்பிரமணியனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்த சபை இது. ஒரு படத்தின் செல்வாக்கு எத்தனை காலம் நிலைக்கும் என்பதை இவ்வூரைக் காட்டிலும் தெளிவாகக் கூறவல்ல ஊர் தமிழகத்தில் வேறில்லை. ஆதலால், வஞ்சகனுக்கும் முழு முகம் தருகின்ற டிரையரின் நெறி இவ்வூராருக்குக் கலையின் சூட்சுமம் மாத்திரமன்று, நியாயத்தின் பிரச்சினையாகவும் இருக்கிறது.

எஞ்சியவையும் இனிச் செய்ய வேண்டுவதும்

தமிழில் முகத்தை நம்பிய படங்களே இல்லை என்று கூறுவது தவறாகும். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, பாட்டே இல்லாமல், ஒரு கொலை விசாரணையை நிழலும் ஒளியுமான முகங்களைக் கொண்டே நடத்திச் சென்றது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் 1979இல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’, ஊரார் கூடி ஒரு மனிதனை ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்லும் கடைசிக் காட்சியில், பேச்சைக் குறைத்துப் பார்வைகளின் பாரத்தினாலேயே தீர்ப்பை உணர்த்தியது. இவர்கள் டிரையரிடம் நேரே பயின்றார்கள் என்று கூற ஆதாரமில்லை; ஆனால் அவர் திறந்த பாதையில் தமிழ்ச் சினிமாவும் நடக்கக்கூடும் என்பதற்கு இவை சான்று.

ஆராய்ச்சிக்கு வேண்டிய மூலப்படங்கள் நம்மிடம் மிகக் குறைவு. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ முதலாகத் தென்னாட்டு மௌனப்படங்கள் ஏறக்குறைய அனைத்தும் அழிந்தன. ‘காளிதாஸ்’ படமும் இன்று இல்லை. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தரராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும், பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் புத்தக நிலையம் ஒன்றில் முடங்கிக் கிடந்தமையால் தப்பி, 1970களில் புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்தது. ஒரு மருத்துவமனை அலமாரியும் ஒரு வழக்கும் காப்பாற்றியதை நாம் திட்டமிட்டுக் காப்பாற்றத் தவறியிருக்கிறோம் என்பது வருந்தத்தக்க உண்மை.

ஆகவே திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி வட்டாரத்துக் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் டிரையரின் படத்தையும் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னையும் அடுத்தடுத்துத் திரையிட்டு, பானர்மனின் கடிதத்தையும் உடன்வைத்துப் படித்து, மாணவர்களை விவாதிக்கச் செய்ய வேண்டும். நம் வீடுகளிலும் பழைய கொட்டகைகளிலும் முடங்கியுள்ள படச்சுருள்கள், பாட்டுப் புத்தகங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைத் தேடிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் தொடங்குவதற்குப் பெரும் பொருளோ அரசாங்க உத்தரவோ தேவையில்லை. ஆசிரியர்களும் வாசகர்களும் மனம் வைத்தால் போதும். அவர்கள் மனம் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.